போதாமையின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் அந்த நாட்களில் ஒரு பிள்ளை உயர்தரத்துக்கு எந்தப் பிரிவு எடுக்கிறது என்பதை ஒழுங்கை முழுதும் விசாரிக்கும். கணிதம் என்றால் எஞ்சினியர், உயிரியல் என்றால் டொக்டர். வர்த்தகம் என்றால் ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டு, "அதுவும் நல்லதுதான், வங்கியில வேலை எடுக்கலாம்" என்பார்கள். எனக்கு அந்தத் தேறுதல் தேவைப்படவில்லை. வர்த்தகத்தை விரும்பியே எடுத்தேன். விடியப்புறம் லாம்பு வெளிச்சத்தில் கணக்குப் போட்டு, ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ஒரே தொகையில் வந்து நிற்கும்போது மனதில் ஏற்படும் நிறைவை வேறு எந்தப் பாடமும் எனக்குத் தந்ததில்லை. கணக்கீடு, பொருளியல், வணிகக்கல்வி என்று மூன்று பாடம். விடிய ஒரு ரியூசன், பின்னேரம் இன்னொரு ரியூசன், இடையில் பள்ளிக்கூடம். பெறுபேறு வந்து, இசட் புள்ளியும் இடம் விட, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடத்துக்குப் போனேன். சமாதான காலத்தின் இரண்டாம் வருடம் அது.

எங்கள் வாயில் அது எப்போதும் 'கம்பஸ்'தான். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921 இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில், 1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாகத் தொடங்கியது. 1979 இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனபின்பும் 'கம்பஸ்' என்ற பேர் போகவில்லை. உள்ளே பரமேஸ்வரன் கோயில். வெளியே சைக்கிள்கள், போட்டோக்கொப்பிக் கடைகள், தேத்தண்ணிக் கடைகள். கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் அறை எடுத்துத் தங்கிய வெளியூர்ப் பெடியள். மகாபொல புலமைப்பரிசுக் காசு வருகிற நாளில் கன்ரீனில் இரண்டு வடை கூடப் போகும்.

முகாமைத்துவத்தைச் சிறப்பாகப் படிக்கும் வியாபார நிர்வாகமாணிப் பட்டம் நான்கு வருடப் படிப்பு. குறிப்புகள் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில். முதல் வருடம் முழுக்கப் பழைய பெரியவர்கள்: விஞ்ஞான முகாமைத்துவம் எழுதிய டெய்லர், பதினான்கு தத்துவங்களை வகுத்த பிரான்சின் ஹென்றி பயோல், சிக்காகோவுக்குப் பக்கத்து ஹோதோர்ன் தொழிற்சாலை ஆய்வுகளோடு பேர்பெற்ற எல்டன் மாயோ, தேவைகளைப் படிமுறையாக அடுக்கிய மாஸ்லோ. இவர்களில் எவரும் எங்கள் ஊரைக் கண்டதில்லை. ஆனால் எங்களுக்குப் படிப்பித்த சேர் அவர்களை ஊருக்குக் கூட்டிவரத் தெரிந்தவர். பெத்லகேம் உருக்காலையில் ஓர் ஆள் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் இரும்பு சுமந்த இடத்தில், வேலையையும் ஓய்வையும் அளந்து கொடுத்து நாற்பத்தேழு தொன் வரை சுமக்கவைத்தேன் என்று டெய்லர் எழுதியதைச் சொல்லிவிட்டு எங்களைப் பார்த்தார். "நாளைக்கு விடிய அஞ்சு மணிக்குத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போங்கோ. லொறியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிறவையைப் பாருங்கோ. எத்தின மூட்டைக்கு ஒருக்கா இருக்கினம், ஆர் ஆருக்குத் தோள் குடுக்கினம் எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ."

போனோம். மூட்டை இறக்கியவர்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. வயதானவர் லொறியின் மேலே நின்று மூட்டையை விளிம்புக்குத் தள்ளிவிடுவார். இளம் ஆட்கள் கீழே தோள் கொடுப்பார்கள். நாலைந்து நடைக்கு ஒருமுறை மேலே நின்றவர் சும்மா ஒரு கதை சொல்லி எல்லோரையும் நிறுத்துவார். அந்தக் கதைதான் ஓய்வு. கூலியைச் சமமாகப் பிரித்தார்கள். வயதானவருக்கும் அதே பங்கு. டெய்லர் அதற்கு உடன்பட்டிருக்க மாட்டார். அவருடைய முறையில் கூடச் சுமப்பவனுக்குத்தான் கூடக் கூலி. அடுத்த வகுப்பு முழுக்க நாங்கள் அதைப் பற்றியே வாதாடினோம். வயதான ஆள் போனால் அந்தக் குழு எத்தனை நடையில் களைக்கும் என்று சேர் கேட்டார். எங்கள் துறையின் முக்கியமான கேள்விகள் எல்லாம் சந்தைக்குள்ளேயே கிடக்கின்றன என்று எனக்குத் தெரிந்த நாள் அது.

அதே சேர்தான் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையைப் பாடமாக்கினார். தொழிற்சாலைக்கு இடம் தெரிவது எப்படி என்ற அத்தியாயத்துக்குப் புத்தகத்தில் இருந்தவை அமெரிக்க உதாரணங்கள். அவர் கரும்பலகையில் குடாநாட்டின் படத்தை வரைந்தார். நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், பக்கத்தில் துறைமுகம், வாசலில் ரயில்பாதை. 1950 இல் தொடங்கிய ஆலை எதற்காக அந்த இடத்தில் எழுந்தது என்பதை நாங்களே சொல்லிவிட்டோம். பிறகு ஆனையிறவு உப்பைக் கொண்டு எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. பிறகு வாழைச்சேனைக் கடதாசி ஆலை. ஒன்றின் விளைவு இன்னொன்றுக்கு மூலப்பொருளாகும் சங்கிலியை அவர் கோடு கோடாக இழுத்துக்காட்டினார். அப்போது சீமெந்து ஆலை நின்று பதின்மூன்று வருடம் கடந்திருந்தது. ஆலை இருந்த பகுதி உயர்பாதுகாப்பு வலயத்துக்குள். என் வகுப்பில் இருந்த ஒருவரின் தகப்பன் அங்கே வேலை செய்தவர். அவர் எழுந்து, சங்கு ஊதுகிற சத்தத்தில் ஊர் மணி பார்த்ததைச் சொன்னார். சேர் சோக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு, முழுவதையும் கேட்டார்.

வெளியே பாதை திறந்திருந்தது. 2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. 1990 இலிருந்து தெற்கோடு தரைப்பாதை இல்லாமல் இருந்த ஊருக்குள், பாடப்புத்தகத்தின் அத்தியாயங்கள் ஒவ்வொன்றாக லொறி ஏறி வந்தன. ஆஸ்பத்திரி வீதியில், ஸ்ரான்லி வீதியில், கஸ்தூரியார் வீதியில் புதுப் பலகைகள். வங்கிகள், லீசிங் நிறுவனங்கள், மோட்டார் சைக்கிள் காட்சியறைகள், கைத்தொலைபேசிக் கம்பங்கள். தவணைக்குக் குளிர்சாதனப்பெட்டி. சந்தை ஊடுருவல் என்றால் என்ன என்று சந்தைப்படுத்தல் மிஸ் வகுப்பில் விளக்கிவிட்டு, பின்னேரம் அதே வீதியில் போய்ப் பாருங்கள் என்பார். ஒரு நிறுவனம் இலவசமாகக் கொடுக்கிற தொப்பியை யார் வாங்குகிறார்கள், யார் வாங்காமல் போகிறார்கள் என்று நின்று பார்ப்போம். கிரயக் கணக்கீட்டு வகுப்பில் இன்னொரு பாடம் நடந்தது. கொழும்பிலிருந்து புறப்படும் ஒரு பொருள் ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைக்கு இறங்கி ஏறி, வன்னிக்குள் வரியும் கட்டி, யாழ்ப்பாணம் வந்து சேரும்போது அதன் விலையில் எத்தனை பங்கு வழிச்செலவு என்று நாங்கள் கணக்குப் பார்த்தோம். அந்தக் கணக்கை எந்தப் புத்தகமும் எங்களுக்குத் தந்திருக்க முடியாது.

புத்தகம் என்றதும் நினைவு வருகிறது. பிலிப் கொட்லரின் சந்தைப்படுத்தல் நூல் நூலகத்தில் இருந்தது. இரவல் கிடைப்பதற்குப் பெரிய வரிசை. ஆகவே பட்ச் முழுவதும் காசு சேர்த்து, ஒரு பிரதியை அத்தியாயம் அத்தியாயமாகப் போட்டோக்கொப்பி எடுப்போம். ஒருவர் கடைக்காரரோடு பக்கத்துக்கு எவ்வளவு என்று பேசி முடிப்பார். இன்னொருவர் அடுக்கித் தைப்பார். மூன்றாமவர் பேர் எழுதி விநியோகிப்பார். சீனியர்மார் விட்டுப்போன பிரதிகளின் ஓரத்தில் அவர்களின் கையெழுத்தில் தமிழ் விளக்கங்கள் இருக்கும். அச்சில் இருந்ததைவிட அந்த ஓரக் குறிப்புகள்தான் பரீட்சைக்கு உதவின.

இரண்டாம் வருடத்தில் பஸ் பிடித்துக் கொழும்புக்குப் போனோம். உலக வர்த்தக மையத்தின் மேற்குக் கோபுரத்தில் இருந்த பங்குச் சந்தையைப் பார்க்க எல்லோருக்கும் ஆசை. படங்களில் கண்டதுபோல ஆட்கள் கை உயர்த்திக் கூவுவார்கள் என்று நினைத்திருந்தோம். 1997 இலேயே கணினிக்கு மாறிவிட்ட இடம் அது. அமைதியான அறை, திரையில் ஓடும் இலக்கங்கள். எங்களோடு வந்த கிளிநொச்சிப் பெடியன் ஒருவன் அந்த இலக்கங்களைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "மச்சான், இந்தக் கொம்பனிகளில ஒண்டாவது எங்கட பக்கம் தொடங்கினதா?" என்று கேட்டான். யாருக்கும் பதில் தெரியவில்லை. திரும்பி வரும்போது இரவு முழுக்க பஸ்ஸில் அதைப் பற்றிக் கதைத்தோம். படித்து முடிந்ததும் ஆளுக்கொரு பங்கு போட்டுக் கொம்பனி தொடங்குவது என்று தீர்மானித்தோம். அதற்குப் பேர்கூட வைத்தோம். அப்படி நம்ப முடிந்த காலம் அது. போனவற்றில் அதிகம் மனதை அறுப்பதும் அந்த நம்பிக்கைதான்.

2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கடல் வந்தது. பட்ச்சில் பாதிப்பேர் வடமராட்சி கிழக்குக்கும் முல்லைத்தீவுக்கும் போனோம். லொறி லொறியாக வந்து குவிந்த உடுப்பும் உணவும் ஒரு பக்கம், மண்ணெண்ணெயும் சட்டி பானையும் கேட்டு நிற்கும் சனம் மறுபக்கம். கொடுப்பவர்கள் அனுப்பியதும் சனத்துக்குத் தேவைப்பட்டதும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எங்கள் பெட்டை ஒருத்தி ஒரு கொப்பியைக் கிழித்து, குடும்பம், ஆட்கள், கைக்குழந்தை, இன்றைக்கே வேண்டியது என்று நிரல் போட்டாள். அடுத்த நாள் எல்லாக் குழுக்களும் அவளுடைய நிரலைப் பின்பற்றின. இருப்புக் கட்டுப்பாடு என்ற பாடத்தை அதற்குப் பிறகு நாங்கள் யாரும் புத்தகத்தில் தேடவில்லை.

2005 நவம்பரில் பீற்றர் டிரக்கர் தொண்ணூற்றைந்து வயதில் இறந்தார். சேர் வகுப்பைத் தொடங்குமுன் அதை அறிவித்தார். முகாமைத்துவத்தைத் தனித் துறையாக நிமிர்த்தியவர்களில் முதன்மையானவர், தொழிலாளியின் தலைக்குள் இருக்கும் அறிவைத்தான் நிறுவனத்தின் சொத்தாகக் கண்டவர் என்று சொன்னார். அந்த வாரமே நாட்டில் ஜனாதிபதித் தேர்தல். அதற்குப் பின் வந்த மாதங்களில் வீதிகளில் சத்தம் மாறத் தொடங்கியது.

2006 ஓகஸ்ட் 11. முகமாலையில் சண்டை தொடங்கி, ஏ-9 பூட்டப்பட்டது. ஊரடங்கு. கம்பஸ் மூடியது. சீனி, பால்மா, கோதுமை மா, மண்ணெண்ணெய், சவர்க்காரம் எல்லாம் கடைத் தட்டுகளில் இருந்து ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தோம். இனிச் சாமான் கப்பலில்தான் வரவேண்டும். அதே நேரம் திருநெல்வேலிச் சந்தையில் வாழைக்குலைகள் வாங்க ஆளில்லாமல் பழுத்து அழிந்தன. மரக்கறியும் புகையிலையும் தெற்குக்குப் போக வழியில்லை. ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டுப்பாட்டு விலை, மறுபக்கம் மிதமிஞ்சிய சரக்கின் விலை. கேள்வி, நிரம்பல் வளைகோடுகளை நாங்கள் உயர்தரத்திலிருந்தே வரைந்து வந்தோம். அந்தக் கோட்டின் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தோட்டக்காரரின் முகத்தை அன்றுதான் கண்டோம்.

அந்த மாதங்களில் நான் கண்ட இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருவர் எங்கள் சங்கக்கடை மனேஜர். கப்பல் வந்ததும் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒதுக்கீடு வரும். குடும்ப அட்டைக்கு இவ்வளவு என்று அளவு. அவர் முதல் நாள் பின்னேரமே கணக்கை எழுதிக் கடை வாசலில் ஒட்டுவார்: வந்த சீனி எவ்வளவு, அட்டைகள் எத்தனை, அட்டைக்கு எவ்வளவு, நிறுவையில் சிந்துவதற்கு ஒதுக்கியது எவ்வளவு. கடைசி வரியில் தன் கையெழுத்து. சனம் அதை வாசித்துவிட்டுத்தான் வரிசையில் நிற்கும். கனபேர் நின்ற அந்த வரிசையில் ஒருநாளும் பெரிய சண்டை வந்து நான் காணவில்லை. ஒருவருக்குக் கூடக் கொடுக்கச் சொல்லி மேலிடத்து ஆள் ஒருவர் வந்து நின்றபோது, அவர் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். "ஐயா, இதில நீங்கள் கேக்கிறதுக்கு ஒரு வரி இல்லை. எழுதினாச் சனம் வாசிக்கும்." வந்தவர் போய்விட்டார்.

மற்றவர் பேக்கரி அண்ணை. ஊரடங்கு தளரும் சில மணித்தியாலத்துக்குள் பாண் போட்டு விற்றாக வேண்டும். மா குறைவு. பாணின் எடையைக் குறைத்து எல்லோருக்கும் கொடுப்பதா, எடையைக் காத்து முன்னுக்கு வருபவருக்கு மட்டும் கொடுப்பதா? என்னிடமும் கேட்டார். "தம்பி, நீர் முகாமைத்துவம் படிக்கிறீர், சொல்லும் பாப்பம்." நான் விலை, கேள்வி, நிறை என்று ஏதோ தொடங்கினேன். அவர் கேட்டுவிட்டு, கைக்குழந்தை உள்ள வீடு, வருத்தக்காரர் உள்ள வீடு என்று தனக்குத் தெரிந்த பேர்களைச் சொல்லத் தொடங்கினார். அவர்களுக்கு முதல், பிறகு அரை றாத்தல் பாணாக எல்லோருக்கும். விலையை ஏற்றவில்லை. "பாதை துறக்கும். அண்டைக்கும் நான் இந்த ஒழுங்கையிலதானே கடை வைச்சிருக்க வேணும்" என்றார். நன்மதிப்பு என்ற பதத்தை ஐந்தொகையின் சொத்துப் பக்கத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதை ஒருவர் சேர்ப்பதை நேரே நின்று பார்த்தது அங்கேதான்.

கொழும்புப் பயணத்தில் என்னோடு நின்ற கிளிநொச்சிப் பெடியனும் இன்னும் சிலரும் கொக்குவிலில் ஒரே வீட்டில் இருந்தார்கள். பாதை பூட்டிய நாளோடு அவர்களுக்கு வீட்டுக் காசு நின்றது, கடிதமும் நின்றது. பொதுச் சமையல். அவன்தான் கணக்கு. ஒரு சீ.ஆர். கொப்பியில் இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, ஒவ்வொரு சனிக்கிழமையும் மீதி. காசு போட முடியாதவர்களின் பங்கை மற்றவர்கள் போட்டபோது, அதைக் கடைசிப் பக்கத்தில் கடன்கொடுத்தோர் என்று தலைப்பிட்டுப் பேர் பேராக எழுதினான். அவன் பெறவேண்டியவன் ஆனதே இல்லை. அவனுடைய பேர் எப்போதும் கடன்பட்ட பக்கத்தில். "எழுதாமல் விடு மச்சான்" என்றோம். "எழுதாட்டி அது பிச்சை. எழுதினாக் கடன். எனக்குக் கடன்தான் வேணும்" என்றான். கணக்கீடு மனிசனுக்கு மானத்தைத் தருகிறது என்று எந்த விரிவுரையும் எனக்குச் சொன்னதில்லை. அதை அந்தக் கொப்பியில் படித்தேன்.

கம்பஸ் திரும்பத் திறந்தபோது வகுப்பு முன்போல இல்லை. சிலர் கப்பலேறித் திருகோணமலை வழியாகக் கொழும்புக்குப் போய்விட்டார்கள். சிலர் வெளிநாடு. இன்னும் சிலரைப் பற்றிக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. பேர் கூப்பிடும்போது பதில் வராத இடங்களில் சேர் கொஞ்சம் நின்று, அடுத்த பேருக்குப் போவார். கடதாசிக்கும் மைக்கும் தட்டுப்பாடு. போட்டோக்கொப்பி நின்று, கையால் எழுதத் தொடங்கினோம்.

அந்தக் காலத்தில்தான் கொம்பனிச் சட்டம் மாறியது. 1982 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தை வரி வரியாக நாங்கள் பாடமாக்கியிருந்தோம். 2007 மே மாதம் அதே ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பங்குக்கு இருந்த பெயரளவுப் பெறுமதி போயிற்று. அதிகாரமளிக்கப்பட்ட மூலதனம் போயிற்று. ஒரே பங்குதாரரோடு ஒரு கொம்பனி தொடங்கலாம் என்று வந்தது. பங்கிலாபம் பிரிப்பதற்கு முன் கடன்களைக் கட்ட வலு இருக்கிறதா என்று பணிப்பாளர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றும் வந்தது. சட்டம் படிப்பித்த மிஸ் பழைய குறிப்புகளில் வெட்ட வேண்டிய வரிகளைச் சொல்லச் சொல்ல, நாங்கள் அடிமட்டம் வைத்து ஒவ்வொன்றாக வெட்டினோம். வெளியே ஷெல் சத்தம். ஊரடங்குக்கு முன் வீடு போய்ச் சேரவேண்டிய மாலையில், எங்கள் ஊரில் யாரும் பதிவுசெய்ய வழியில்லாத கொம்பனிகளின் சட்டத்தை அவர் அத்தனை அக்கறையோடு திருத்தித் தந்தார். ஒருநாள் இந்தப் பிள்ளைகளுக்கு இது வேண்டிவரும் என்று அவர் முழுதாக நம்பினார். அந்த நம்பிக்கைக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

பட்டம் கிடைத்தது. நான் வங்கிக்குப் போனேன். ஒழுங்கை சொன்னது பலித்தது. கிளிநொச்சி நண்பன் 2009 இல் வவுனியா முகாம்களில் தேடி, தாயையும் தங்கையையும் கண்டான். தகப்பனைக் காணவில்லை. இப்போது அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கீடு படிப்பிக்கிறான். பஸ்ஸில் பேர் வைத்த கொம்பனி தொடங்கப்படவே இல்லை. பேக்கரி அண்ணையின் கடை இருந்த இடத்தில் வேறு கடை. சங்கக்கடையில் வரிசை நின்ற காலம் போய், ஊருக்குள் குளிரூட்டிய சுப்பர் மார்க்கெட்டுகள் வந்துவிட்டன. வந்தது நல்லதுதான். பிள்ளைகள் சீனிக்கு வரிசையில் நிற்காமல் படிக்கட்டும்.

ஆனால் ஒரு குறை எனக்குள் ஆறாமல் இருக்கிறது. இன்று முகாமைத்துவம் படிக்கும் பிள்ளைகளோடு கதைத்தால், அமெரிக்கக் கார்க் கொம்பனியையும் ஜப்பானியத் தொழிற்சாலையையும் நன்றாக விளக்குவார்கள். விளக்கட்டும், நாங்களும் அவற்றைப் படித்தவர்கள்தான். அதே பிள்ளைகளுக்குக் காங்கேசன்துறை ஆலை எப்படி இயங்கியது என்று தெரியாது. முற்றுகைக்குள் ஒரு கூட்டுறவுக்கடை பட்டினியைப் பங்கிட்ட முறை தெரியாது. முகாமைத்துவம் என்பது போதாமல் இருக்கும் ஒன்றை எப்படி நேர்மையாகப் பங்கிடுவது என்ற அறிவு என்றால், அந்த அறிவில் எங்கள் ஊர் பெரிய அனுபவசாலி. அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

சங்கக்கடை மனேஜர் ஒட்டிய தாள்கள் ஒன்றும் இன்று இல்லை. சீமெந்து ஆலையில் முறை மாறி வேலை செய்தவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். கம்பஸில் இறுதி வருட ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளிடம் நான் கேட்பது இதுதான்: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அவர்களிடம் ஒருதரம் போங்கள். என்ன வந்தது, எவ்வளவு இருந்தது, யாருக்கு முதல் கொடுத்தீர்கள், ஏன் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதி, தத்துவத்தைப் பிறகு அதற்குள் தேடுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு.